வேட்டைக்காரர் காசும் வாத்துகளின் கணக்கும்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் பற்றிச் செய்தி வந்தாலும் சரி, ஓநாய் வேட்டை பற்றி வந்தாலும் சரி, கூடவே ஒரு வாதமும் வந்துவிடும்: அந்த நாட்டுக் காட்டுயிர்களைக் காப்பாற்றியதே வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும்தான் என்பார்கள். நம் ஊர் வாசகருக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1991இல் வந்த திருத்தம், உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்டது. வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய நமக்கு, கொல்பவரே காப்பவர் என்றால் எப்படிப் புரியும்?

அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர்கள் பலர் உண்மை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. துப்பாக்கி வாங்கும்போது கட்டப்படும் வரி, அந்த வரியை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று சட்டம் போட்ட பூட்டு, சுட்டவர் அரசுக்குக் கொடுத்த கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அங்கே வேலை செய்தன. அந்த மூன்றும் எட்டிய உயிர்கள் பிழைத்தன. எட்டாத உயிர்கள் பல இன்றும் தேய்ந்துகொண்டே போகின்றன.

முதலில் சில சொற்கள்

வேட்டை என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு காரியங்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் பேசினால் வாதம் எங்கும் போய்ச்சேராது.

1. சந்தை வேட்டை: விற்பதற்காகக் கொல்வது. இறைச்சி, தோல், இறகு எதுவாகவும் இருக்கலாம். எவ்வளவு கொன்றாலும் வாங்க ஆள் உண்டு என்பதால் இதற்கு இயல்பான எல்லை கிடையாது.

2. உரிம வேட்டை: அரசிடம் காசு கட்டி லைசென்ஸ் வாங்கி, குறிப்பிட்ட மாதங்களில் மட்டும், ஒருவருக்கு இத்தனை என்ற வரம்புக்குள் சுடுவது. சுட்டதை விற்கக் கூடாது. அமெரிக்க வாதம் முழுக்க இந்த வகையைப் பற்றியது. தூண்டில் போடுபவர்களுக்கும் இதே ஏற்பாடுதான்: உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு, சில மீன்களுக்கு நீள வரம்பு.

3. பிழைப்பு வேட்டை: காட்டை ஒட்டி வாழும் மக்கள் சாப்பாட்டுக்காகச் செய்வது. சட்டங்கள் வந்தபோது அதிகம் அடிபட்டவர்கள் இவர்கள்.

4. திருட்டு வேட்டை: மேலே சொன்ன எந்த விதிக்கும் கட்டுப்படாதது.

பெரும் பணம் கட்டிக் கொம்புக்காகவும் தலைக்காகவும் சுடும் வேட்டை இன்னொன்று. பாகிஸ்தானின் கில்கித்-பல்திஸ்தானில் மார்க்கோர் என்ற முறுக்குக் கொம்பு மலையாட்டை இப்படிச் சுட அனுமதிச் சீட்டு விற்கிறார்கள். அந்தப் பணத்தில் 80 சதவீதம் அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்குப் போகிறது. அது தனிக் கதை. அமெரிக்காவில் நடப்பது வரி சம்பந்தப்பட்டது, கோடிக்கணக்கான சாதாரண மக்கள் சம்பந்தப்பட்டது என்பதால் இந்தக் கட்டுரை அதோடு நிற்கிறது.

தீர்ந்துபோன பிறகு வந்த சட்டங்கள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சந்தை வேட்டைக்குப் பெரும்பாலும் தடை இருக்கவில்லை. பயணப் புறாக்கள் கோடிக்கணக்கில் கூட்டமாகக் கூடு கட்டும். எந்தக் காட்டில் கூடு கட்டியிருக்கின்றன என்ற சேதி தந்தியில் பறக்கும், வேட்டைக்காரர்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள், பீப்பாய் பீப்பாயாகப் புறா நகரத்துக்குப் போகும். 1878இல் மிச்சிகன் மாநிலத்தின் பெட்டாஸ்கியில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு அந்த அளவில் எங்கும் கூடு கட்டவில்லை. கடைசிப் பயணப் புறாவான மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. சமவெளிகளை நிறைத்திருந்த பைசன்கள் 1880களின் முடிவில் சில நூறாகச் சுருங்கியிருந்தன. பெண்களின் தொப்பிக்கு இறகு வேண்டும் என்று, கூட்டில் குஞ்சுகள் இருக்கும்போதே கொக்குகளைச் சுட்டார்கள். குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் செத்தன.

இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் வேட்டைப் பிரியர்களான பணக்காரர்கள் முக்கியமானவர்கள். தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் 1887இல் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். வேட்டையாட விலங்கு மிஞ்ச வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. அதை மறைக்கவும் இல்லை. 1900இல் வந்த லேசி சட்டம், ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பதைத் தடுத்தது. ரூஸ்வெல்ட் அதிபரான பின் 1903இல் ஃபுளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைகளுக்கென்று ஒதுக்கினார். 1918இல் வலசைப் பறவைச் சட்டம் வந்தது. சந்தை வேட்டை இப்படிப் படிப்படியாக முடக்கப்பட்டது.

இந்த வரலாற்றைப் பெருமையாக மட்டும் சொல்வது நியாயமில்லை. பணக்காரரின் பொழுதுபோக்கு சட்டபூர்வமானது. அதே காட்டில் தலைமுறைகளாக இறைச்சிக்கு வேட்டையாடிய பூர்வகுடிகளும் ஏழைகளும் குற்றவாளிகள் ஆனார்கள். நம் நீலகிரியிலும் இதே காலத்தில் இதே போக்குத்தான் இருந்தது. 1877இல் அங்கிருந்த ஆங்கிலேயர்கள் நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தார்கள். 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்றே விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வரையாடு பிழைத்ததில் அந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பங்கு உண்டு. யாரைக் கேட்டு அந்தக் கட்டுப்பாடுகள் எழுதப்பட்டன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பணம் எந்த வழியாகப் போகிறது

அமெரிக்காவில் காட்டு விலங்கு தனியார் சொத்து இல்லை. உங்கள் நிலத்தில் மேயும் மானும் உங்களுடையது இல்லை, மக்கள் சார்பில் மாநில அரசு அதைப் பராமரிக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென்று ஒரு காட்டுயிர்த் துறை இருக்கிறது. அந்தத் துறைகளின் முதல் வருமானம் வேட்டை உரிமக் கட்டணமும் மீன்பிடி உரிமக் கட்டணமும். 1930களில் கடும் வறட்சி வந்தது. ஈரநிலங்கள் காய்ந்தன, காயாததை விவசாயத்துக்காக வடிய விட்டார்கள், வாத்துகள் சரசரவென்று குறைந்தன. உரிமக் கட்டணம் மட்டும் போதவில்லை.

அப்போது தொடங்கி அடுத்தடுத்து வந்தவை மூன்று சட்டங்கள்.

முதலாவது, 1934இன் வாத்து முத்திரை. 16 வயது நிரம்பி நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் தபால்தலை போன்ற ஒரு முத்திரையை வாங்க வேண்டும். காகித முத்திரை என்றால் அதன் முகத்தின் மேலேயே மையால் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் செல்லாது, ஏனென்றால் இன்னொருவருக்குக் கைமாற்றி விடலாமே. முதல் முத்திரைக்குப் படம் வரைந்தவர் 'டிங்' டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்ட். தியோடர் ரூஸ்வெல்ட்டின் உறவினரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் டார்லிங் காட்டுயிரைக் கவனிக்கும் மத்தியத் துறைக்கே தலைவராக இருந்தார். விலை அப்போது 1 டாலர், இப்போது 25 டாலர். வசூலாகும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை சுமார் 60 லட்சம் ஏக்கர் இப்படிக் காக்கப்பட்டிருக்கிறது.

இதில் ஒரு பகுதி, நிலத்தை வாங்காமலே காக்கப்பட்டது. டகோட்டா மாநிலங்களிலும் மின்னசோட்டாவிலும் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற குட்டைகள் ஆயிரமாயிரம் இருக்கின்றன. வட அமெரிக்க வாத்துகள் பெரும் அளவில் குஞ்சு பொரிப்பது அங்கேதான். அந்தக் குட்டைகள் விவசாயிகளின் வயலுக்கு நடுவே கிடக்கின்றன. அரசு விவசாயிக்கு ஒரு தொகை கொடுத்து, இந்தக் குட்டையை வடிய விடமாட்டேன், மூடமாட்டேன், கொளுத்தமாட்டேன் என்று நிரந்தர ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்கிறது. நிலம் அவருடையதாகவே இருக்கும். விற்றாலும் ஒப்பந்தம் நிலத்தோடு போகும்.

இரண்டாவது, 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது. அதைக் காட்டுயிருக்கு என்று இந்தச் சட்டம் திருப்பிவிட்டது. மூன்றாவது, மீனுக்காக அதே அச்சில் 1950இல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டம். தூண்டில் கோல், சுருள், முள், செயற்கை இரை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 10 சதவீத வரி. 1984இல் மோட்டார் படகு எரிபொருள் வரியும் இதில் சேர்க்கப்பட்டது.

1937 சட்டத்தின் நடைமுறை இப்படி:

1. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம். வரியைக் கட்டுவது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். 500 டாலருக்குத் தயாரிப்பாளர் விற்கும் வேட்டைத் துப்பாக்கியில் 55 டாலர் வரி. அது கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழும்.

2. பணம் கருவூலத்திலிருந்து மத்திய மீன், காட்டுயிர்த் துறைக்குப் போகிறது. ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கித் தரவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

3. அங்கிருந்து மாநிலங்களுக்குப் பங்கு. பாதி நிலப்பரப்பை வைத்து, பாதி உரிமம் வாங்கியவர் எண்ணிக்கையை வைத்து. எந்த மாநிலத்துக்கும் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது, அரை சதவீதத்துக்குக் குறையாது.

4. மாநிலம் முதலில் வேலையைச் செய்து செலவுக்கணக்கு காட்ட வேண்டும். செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு திருப்பித் தரும். மீதி 25 சதவீதம் மாநிலத்தின் பொறுப்பு.

5. இந்தப் பணம் வேண்டும் என்றால், உரிமக் கட்டணமாக வசூலித்ததைக் காட்டுயிர்த் துறைக்கு வெளியே ஒரு காசுகூடத் திருப்பமாட்டோம் என்று மாநிலம் தன் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த ஐந்தாவது விதிதான் மொத்த ஏற்பாட்டின் உயிர். எந்த அரசுக்கும் பணமுடை வந்தால் முதலில் கை வைப்பது ஓட்டுப் போடாத மானின் பங்கில்தான். கை வைத்தால் மத்திய அரசின் 75 சதவீதமும் போய்விடும் என்ற பயம் இருப்பதால் 80 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பணம் தப்பியிருக்கிறது. 2022இல் துப்பாக்கி வரி மூலம் மட்டும் மாநிலங்களுக்கு 100 கோடி டாலருக்கு மேல் போனது.

சுட்டவர் கொடுக்கும் கணக்கு

பணத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தப் பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விலங்கு எத்தனை இருக்கிறது, எந்த வயதில் இருக்கிறது என்று தெரியாமல் வரம்பு வைக்க முடியாது. அதற்கான விவரத்தின் பெரும்பகுதியைத் தருவது வேட்டைக்காரர்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் தேர்ந்தெடுத்த வேட்டைக்காரர்களுக்கு மத்தியத் துறை தபால் உறை அனுப்பும். சுட்ட ஒவ்வொரு வாத்தின் ஒரு சிறகையும் வெட்டி அதில் வைத்து, எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். பருவம் முடிந்ததும் உயிரியலாளர்கள் நீண்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து சிறகு சிறகாகப் பிரித்துப் பார்ப்பார்கள். சிறகின் இறகுகளைப் பார்த்தே எந்த இனம், ஆணா பெண்ணா, அந்த ஆண்டு பிறந்ததா பழையதா என்று சொல்லிவிடலாம். வளர்ந்த பெண் வாத்துக்கு எத்தனை இளசு என்ற விகிதம் கிடைத்தால், அந்த ஆண்டு வடக்கே குஞ்சு பொரிப்பு நன்றாக நடந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

காலில் போட்ட வளையங்கள் இன்னொரு வழி. எண் பொறித்த வளையத்தோடு பறக்கவிட்ட பறவையைச் சுட்டவர் அந்த எண்ணைத் தெரிவிப்பார். எத்தனை வளையம் போட்டார்கள், எத்தனை திரும்பி வந்தன என்பதிலிருந்து ஆண்டுச் சாவு விகிதத்தைக் கணக்கிடலாம். இதோடு 1955 முதல் விமானத்திலிருந்து செய்யும் வசந்தகாலக் கணக்கெடுப்பும் சேர்கிறது. அடுத்த பருவத்தில் எத்தனை நாள் வேட்டை, ஒருவருக்கு எத்தனை வாத்து என்பது 1995 முதல் இந்த எண்களை வைத்து வகுத்த சூத்திரப்படி முடிவாகிறது.

என்ன பலன் கிடைத்தது

காட்டு வான்கோழி நல்ல உதாரணம். 1930களில் சுமார் 2 லட்சமாகக் குறைந்திருந்தது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கு நரிக்குப் பயப்படக்கூடத் தெரியவில்லை, செத்துப்போயின. 1950களில் வெடிவிசையால் பாய்ந்து விரியும் வலையை வைத்து, இரைக்குக் கூடிய காட்டு வான்கோழிகளையே பிடித்து, வெறுமையான காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது பலித்தது. இன்று எண்ணிக்கை 60 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. இந்த வேலைக்குப் போனது பெரும்பாலும் துப்பாக்கி வரிப் பணம். வெள்வால் மான் சுமார் 5 லட்சத்திலிருந்து 3 கோடிக்குப் போனது.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிவது பறவைக் கணக்கில். 2019இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, 1970க்குப் பிறகு அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஏறக்குறைய 300 கோடிப் பறவைகளை இழந்திருக்கின்றன. புல்வெளிப் பறவைகள் 53 சதவீதம் குறைந்தன. அதே காலத்தில் வாத்து, வாத்தினக் கூட்டம் 56 சதவீதம் கூடியிருக்கிறது.

அதே நாடு, அதே விவசாயம், அதே பூச்சிமருந்து. வாத்துக்கு முத்திரை வாங்க ஆள் இருந்தது. வயல் ஓரத்துச் சிட்டுக்கும் வானம்பாடிக்கும் யாரும் முத்திரை வாங்கவில்லை. வேட்டைக்காரர் தரப்பு குறைந்த கணக்கை மறைக்கும், எதிர்த்தரப்பு கூடிய கணக்கை மறைக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும். வாத்துக்காக வாங்கிய குட்டையில் தவளையும் தும்பியும் நாரையும் பிழைக்கின்றன என்பதும் உண்மை. குட்டை இல்லாத இடத்தில் வாழும் உயிருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எங்கே இடறுகிறது

ஈயம். வேட்டைத் தோட்டாவின் ஈயக் குண்டுகள் ஏரித் தரையில் படிந்துகிடக்கும். வாத்துகள் இரைப்பையில் அரைக்கக் கல்லை விழுங்கும் பழக்கத்தில் அவற்றையும் விழுங்கி விஷமேறிச் செத்தன. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு 1991இல்தான் நாடு முழுக்கத் தடையானது. எதிர்த்தவர்களில் வேட்டைக்காரர்களே ஏராளம். கலிபோர்னியாவின் காண்டார் கழுகு, வேட்டைக்காரர்கள் விட்டுப்போன மான் குடலைத் தின்று ஈயத்தால் செத்தது. 1982இல் மிஞ்சியவை 22. அந்த மாநிலத்தில் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டா தடையானது 2019இல்தான்.

மீன் விடுதல். சியரா நெவாடா மலையின் உயரமான ஏரிகள் பலவற்றில் இயற்கையாக மீனே கிடையாது. தூண்டில்காரர்களுக்காக அங்கே டிரவுட் மீன் குஞ்சுகளைக் கழுதை முதுகில் கொண்டுபோய் விட்டார்கள், பிறகு விமானத்திலிருந்தே கொட்டினார்கள். அந்த ஏரிகளில் வாழும் மஞ்சள்கால் மலைத் தவளையின் தலைப்பிரட்டை தவளையாக மாற ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். அத்தனை காலம் மீன் வாயில் சிக்காமல் இருக்க முடியுமா? பூஞ்சை நோயும் சேர்ந்து அந்தத் தவளை தன் பழைய இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் காணாமல் போனது. சில ஏரிகளில் வலை போட்டு டிரவுட்டை முழுக்க எடுத்தபின் தவளைகள் திரும்பப் பெருகின. செலவு செய்து விட்ட மீனைச் செலவு செய்து எடுக்க வேண்டியதாயிற்று.

மிதமிஞ்சிய மான். ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் பெரும்பகுதி நாட்டில் ஒழித்தபின், மானைக் கட்டுப்படுத்த வேட்டைக்காரரை விட்டால் யாரும் இல்லை. கிழக்குக் காடுகள் பலவற்றில் மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை. ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் மான்-வாகன மோதல்கள் நடக்கின்றன. 1967இல் கொலராடோவில் முதலில் தெரியவந்த மான் உருக்கு நோய் இப்போது 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருக்கிறது. அதைக் கண்காணிக்கவும் வேட்டைக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் மான் தலைகளைத்தான் துறை நம்பியிருக்கிறது.

கொடுப்பது யார் என்ற கேள்வி. 1982இல் அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் ஏறக்குறைய 1.7 கோடிப் பேர். 2016 கணக்கெடுப்பில் 1.15 கோடி. மக்கள்தொகை கூடியும் வேட்டைக்காரர் குறைந்தார்கள். ஆனாலும் துப்பாக்கி வரி ஏறிக்கொண்டே போனது. காரணம் எளியது: இன்று துப்பாக்கியும் தோட்டாவும் வாங்குபவர்களில் பலர் வேட்டைக்கே போகாதவர்கள், தற்காப்புக்கும் குறிபார்த்துச் சுடவும் வாங்குபவர்கள். எனவே அந்தத் தொகை முழுவதையும் வேட்டைக்காரர் கணக்கில் எழுதுவது சரியில்லை. தேசியப் பூங்காக்களும் தேசியக் காடுகளும் எல்லோருடைய வரியிலும் நடப்பவை. அங்கே வாழும் விலங்குக்கும் வேட்டைக்காரரே காசு கொடுக்கிறார் என்பது மிகைதான்.

காவிரியில் நடந்தது

தூண்டில்காரர் விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. காவிரியின் திமில் மஹசீர் என்ற ஆற்று மீன் உலகின் மிகப் பெரிய மஹசீர் வகைகளில் ஒன்று. 1946இல் மைசூர்ப் பகுதியில் கபினி ஆற்றில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ இருந்தது. 1970களில் ஆற்றில் வெடி போட்டு மீன்பிடிப்பது மலிந்து, மஹசீர் அரிதாகிக்கொண்டிருந்தது. 1972இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய காட்டுயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பின்னர் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமாக்கலி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடித்த மீனை எடைபோட்டு உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. முன்பு வெடி போட்டவர்களே சிலர் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வேலைக்கு வந்தார்கள். பரிசல் ஓட்டுவதும், கேழ்வரகு மாவை வேகவைத்துப் பிசைந்து உருண்டை பிடித்துத் தூண்டிலில் குத்துவதும் அவர்கள் வேலை. வெளிநாட்டுத் தூண்டில்காரர் கொடுக்கும் காசு, ஆற்றில் உயிரோடு இருக்கும் மீனுக்கு ஒரு விலையை வைத்தது.

முகாமில் இன்னொன்றும் நடந்தது. எந்த மீன், எத்தனை எடை, எத்தனை மணிநேரத்தில் என்று பதிவேட்டில் எழுதினார்கள். காலிபோர் முகாமின் 1998 முதல் 2012 வரையான பதிவேட்டை விஞ்ஞானிகள் பிறகு ஆராய்ந்தபோதுதான் பேரிடி தெரிந்தது. மொத்தத்தில் மஹசீர் கூடிக்கொண்டிருந்தது, ஆனால் கூடியது நீலத்துடுப்பு மஹசீர். திமில் மஹசீர் எண்ணிக்கையில் சரிந்துகொண்டே வந்தது. பிடிபட்டவை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக இருந்தன. அதாவது கிழடுகள் மட்டும் மிஞ்சி, இளசுகள் வரவில்லை.

நீலத்துடுப்பு மஹசீர் காவிரிக்கு எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிரத்தின் லோனாவாலா குஞ்சு பொரிப்பகத்திலிருந்து. 1970களிலிருந்து மஹசீரைப் பெருக்குகிறோம் என்ற நல்ல எண்ணத்தில் அந்தக் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். எல்லாம் ஒரே மஹசீர்தானே என்று அப்போது நினைத்தார்கள். காவிரி மீனுக்குச் சரியான அறிவியல் பெயர்கூட அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாற்றில் கிடைத்த மாதிரிகளை, 2007இல் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட தோர் ரெமாதேவி என்ற இனத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று 2018இல்தான் உறுதிசெய்தார்கள். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது.

ஆக, தூண்டில்காரர்கள் ஆற்றுக்குக் காவல் போட்டார்கள், வேறு யாரிடமும் இல்லாத புள்ளிவிவரத்தையும் கொடுத்தார்கள். தூண்டிலுக்கு மீன் பெருக வேண்டும் என்ற அதே ஆசைதான் தவறான மீனையும் ஆற்றில் விடவைத்தது. அப்புறம், முகாம்கள் இருந்த இடம் காவிரி காட்டுயிர்ச் சரணாலயம். காட்டுயிர்ச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் பிடிப்பதும் அடங்கும் என்பதால் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது 2012இல் நின்றது. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாக இருக்கலாம். காவலுக்கும் பதிவேட்டுக்கும் மாற்று ஏற்பாடு செய்துவிட்டு அதை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வேட்டையாடாதவர் எப்படிக் கொடுப்பது

அமெரிக்காவில் இன்றைய சண்டை இதுதான். பறவை பார்ப்பவர்களும் மலையேறுபவர்களும் வேட்டைக்காரரைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அவர்களிடமிருந்து காட்டுயிருக்கு நேராகப் பணம் போகும் குழாய் இல்லை. 1990களில் இருநோக்கி, கூடாரம், முதுகுப்பை போன்றவற்றுக்கும் சிறு வரி போடலாம் என்று மாநிலத் துறைகள் முயன்றன. அந்தப் பொருள்களைத் தயாரிப்பவர்கள் எதிர்த்ததால் அது நடக்கவில்லை. துப்பாக்கித் தொழில் 1937இல் ஏற்றுக்கொண்டதை இயற்கை நேசர்களுக்குக் கடைவிரிப்பவர்கள் ஏற்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் சேதி.

மிசௌரி மாநிலம் வேறு வழி கண்டது. 1976இல் மக்கள் ஓட்டுப் போட்டு, விற்பனைத் தொகையில் ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கை வரியாக வாங்கிக் காட்டுயிருக்கு என்று அரசியல் சாசனத்திலேயே ஒதுக்கினார்கள். ரொட்டி வாங்குபவரும் கார் வாங்குபவரும் கொடுக்கிறார்கள். அதனால் துறை சுடத் தகுந்த விலங்கை மட்டும் பார்க்க வேண்டிய கட்டாயத்தில் இல்லை. மின்னசோட்டா 2008இல் இதேபோலச் செய்தது. நாடு முழுக்க இப்படிச் செய்ய, ஆண்டுக்கு சுமார் 140 கோடி டாலர் மாநிலங்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் கொடுக்கும் மசோதா ஒன்று 2022 ஜூனில் கீழவையில் நிறைவேறியது. மாநிலங்கள் அக்கறைக்குரியவை என்று பட்டியலிட்டிருக்கும் 12,000க்கும் மேற்பட்ட இனங்களுக்கு அது நேராகப் போயிருக்கும். பணத்தை எங்கிருந்து எடுப்பது என்ற தகராறில் மேலவையில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை.

இந்தியா வேட்டையைத் திறந்துவிட வேண்டும் என்று இதைப் படித்துவிட்டு யாராவது சொன்னால், நான் உடன்பட மாட்டேன். இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் நாட்டில், திருட்டு வேட்டையையே முழுதாகத் தடுக்க முடியாத நிலையில், உரிமத்தையும் வரம்பையும் காவல் காக்க நமக்கு ஆள்பலம் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது, காட்டுயிருக்கு வசூலித்ததை வேறு எதற்கும் திருப்பக்கூடாது என்ற அந்த ஐந்தாவது விதியைத்தான். அதன் சிறு வடிவம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. 2006 சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. சுற்றுலா நுழைவுக் கட்டணம் பொதுக் கருவூலத்தில் கலக்காமல் அந்தக் காட்டுக்கே செலவாக அது வழி செய்கிறது.

ஆனால் முதுமலைக்கு டிக்கெட் வாங்குபவர் புலியையும் யானையையும் பார்க்க வாங்குகிறார். அதே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டும் பாறு கழுகுக்கும், அந்த ஆற்றில் கிடக்கும் திமில் மஹசீருக்கும் டிக்கெட் வாங்க ஆள் இல்லை. காப்பகத்து வேலியோடு நின்றுவிடாத பணம் அவற்றுக்கு வேண்டும். மிசௌரி போல் பொது விற்பனை வரியில் ஒரு துளியை இதற்கென்று சட்டத்தில் பூட்டி வைக்கும் மாநிலம் இந்தியாவில் இன்னும் வரவில்லை.